கண்காணியும் காவலும்: மாத்தளைக் கூட்டுக் குடியிருப்புகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சமூக வரலாற்றை ஆராய முற்படுவோர்க்குச் சில வேளைகளில் ஒரு சொல்லே சிறந்த ஆவணமாக அமைந்துவிடுகின்றது. 'கங்காணி' என்னும் சொல் அத்தகையது. இலங்கைப் பெருந்தோட்டங்களுக்குத் தொழிலாளரைத் திரட்டி வந்து, வேலை வாங்கி, கடன் கொடுத்து, அவர்தம் வாழ்வின் பெரும்பகுதியைத் தன் பிடியில் வைத்திருந்தவனைக் குறித்த இச்சொல் 'கண்காணி' என்பதன் திரிபாகும். கண்ணாற் கண்டு மேற்பார்ப்பவன் என்பதே அதன் பொருள். இன்று வீட்டு வாசல்களிலும் கடைத்தெருக்களிலும் பொருத்தப்படும் கருவியைக் 'கண்காணிப்புக் கமரா' என்கின்றோம். அதே கருவியைப் 'பாதுகாப்புக் கமரா' என்றும் வழங்குகின்றோம். ஒரே பொருளுக்கு இட்ட இவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. அத்தூரத்தை மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றைக்கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த ஆராய்ச்சிக்கு வழிவகுக்கும் இன்றைய வினா எளிமையானது. ஒரு வாடகை வீடு. அதில் அறைக்கொரு குடும்பமாகவோ, அறைக்கு இரு மாணவராகவோ பலர் குடியிருக்கின்றனர். இணைய இணைப்பு ஒன்றே. அது வீட்டுக்காரர் பெயரில் உள்ளது. குடியிருப்போருள் ஒருவர் தம் பொருள்களின் பாதுகாப்புக் கருதி, தம் செலவில், ஒரு கமராவை வாங்கி அவ்விணைப்பிற் பொருத்துகின்றார். அக்கண் யாருடையது? அது காணும் காட்சி யார் கையிலுள்ள வழியாகச் செல்கின்றது? பொது நடையில் வந்துபோகும் அயலறையார் அதற்கு உடன்பட்டனரா? இவை இயந்திரவியல் வினாக்கள் போலத் தோன்றினும், ஒரே கூரையையும் ஒரே வழியையும் பகிர்ந்து வாழ்ந்த மக்கள் இம்மண்ணில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எதிர்கொண்ட வினாக்களேயாம்.

1. சொல்லும் பொருளும்

சோழர் காலக் கல்வெட்டுகளிலே கண்காணி என்னும் சொல் பயின்று வருகின்றது. கோயிற் பண்டாரத்தையும் நிலக்கொடைகளையும் கையாண்டோரின் செயல்களை மேற்பார்க்கும் பொறுப்பு 'மாகேசுவரக் கண்காணி' எனப்பட்டது. பொதுப் பொருளைக் கையாள்வோர்மீது, அப்பொருளில் உரிமையுடைய சமூகத்தின் சார்பில் வைக்கப்பட்ட கண் அது. அதாவது, அதிகாரமுடையோரைப் பிறர் பார்த்தனர்.

காவல் என்பது வேறொரு நிறுவனம். 'பாடிகாவல்' என்ற வரியைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் நிலவிய காவல்முறையில், ஊரார் காவற்காரனுக்குக் கூலி கொடுத்தனர். களவு போன பொருளை அவன் மீட்டுத் தருதல் வேண்டும், இயலாவிடின் ஈடுசெய்தல் வேண்டும். காவற்காரரே களவுக்குத் துணைபோயினர் என்ற குற்றச்சாட்டும், களவுபோன மாட்டை மீட்பதற்குத் 'துப்புக்கூலி' பெறும் வழக்கமும் அம்முறையின் இருண்ட பக்கங்களாகும். எனினும் அதன் அடிப்படைக் கருத்து தெளிவானது. காப்பவன் காக்கப்படுவோனுக்குப் பொறுப்புடையவன். பொறுப்புத் தவறினால் இழப்பு அவனைச் சாரும்.

ஆகவே தமிழர் மரபில் கண்காணிப்பும் காவலும் தம்மளவில் நன்றோ தீதோ ஆவனவல்ல. பார்ப்பவன் யாருக்குக் கணக்குக் கொடுக்கின்றான் என்பதே அவற்றின் தன்மையை முடிவு செய்தது. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு மாத்தளைக்கு வருவோம்.

2. துப்பாக்கியும் நாயும்: 1848

மாத்தளை வரலாற்றில் 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அழியா இடம் பெற்றது. அவ்வாண்டு யூலை 28 ஆம் நாள் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். கிளர்ச்சியாளர் மாத்தளைக்குச் சென்று அரச கட்டடங்களைத் தாக்கினர். புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். இக்கிளர்ச்சிக்கு நிலவுரிமை, கட்டாய வீதி வேலை, காப்பித் தோட்டங்களின் பரவல் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நம் பொருளோடு தொடர்புடைய ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படாது போகின்றது. தேசாதிபதி டொறிங்ரனின் ஆட்சி விதித்த புதிய வரிகளுள் துப்பாக்கிக்கும் நாய்க்கும் விதித்த வரிகள் இரண்டு.

ஐரோப்பிய அலுவலரின் பார்வையில் நாய் வளர்ப்பு ஆடம்பரமாகவோ தொல்லையாகவோ தோன்றியிருக்கலாம். மலைநாட்டுக் குடியானவனுக்கோ சேனைப் பயிரைக் காட்டு விலங்கிலிருந்து காப்பது துப்பாக்கி. இரவில் வீட்டைக் காப்பது நாய். இவ்வரிகள் உழைப்பின் விளைவின்மீது மட்டுமன்றி, தன் வீட்டையும் விளைவையும் தானே காத்துக்கொள்ளும் வழிகளின்மீதும் விழுந்தன. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமைக்கு மேலிடத்தின் இசைவு வேண்டும் என்ற நிலை மக்களிடையே எத்துணை மனக்கசப்பை விளைக்கும் என்பதற்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

3. லயமும் துண்டும்

காப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். மலைநாட்டின் வாயிலாக அவர்களுக்கு அமைந்தது மாத்தளையே. 1874 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட முத்துமாரியம்மன் ஆலயம் இன்றும் அவ்வரலாற்றின் நினைவாய் நிற்கின்றது. 1880 இல் கண்டியிலிருந்து புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது. காப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும், கொக்கோவும், பின்னர் றப்பரும் இம்மாவட்டத்தின் தோட்டங்களை நிரப்பின.

இத்தோட்டங்களில் தொழிலாளர் குடியமர்த்தப்பட்ட இடம் லயம். ஒரே கூரையின்கீழ் நீண்ட வரிசையாக, சிலவேளை முதுகோடு முதுகு சேர்ந்த இரு வரிசைகளாக, காம்பராக்கள் அமைந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது காம்பராவின் வழக்கமான அளவு. முன்னே ஓர் இஸ்தோப்பு; தண்ணீருக்குப் பலர்க்கும் பொதுவான பீலி. ஒரு காம்பராவின் பேச்சும் அழுகையும் அடுத்த காம்பராவுக்குக் கேட்டன. மணமக்களுக்கென்றோ, பூப்பெய்திய பெண்ணுக்கென்றோ, நோயாளிக்கென்றோ தனியிடம் என்பது இருந்ததில்லை. அந்தரங்கம் என்பது தத்துவச் சொல்லாகப் பேசப்படுவதற்கு முன்னரே, அதன் இன்மையை நாள்தோறும் அறிந்த மக்கள் இவர்கள்.

இங்ஙனம் சுவர் மறைக்காத வாழ்வின்மீது நிருவாகத்தின் கண் படிந்திருந்தது. விடியற்காலையில் தப்புச் சத்தம் எழுப்பும். பிரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்படும். செக்ரோலில் பெயர் பதியப்படும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் சில சதங்கள் பெரிய கங்காணிக்குத் தலைக்காசாகக் கிடைத்தமையால், எண்ணுதல் அவனுக்கு வருமானமாயிற்று. அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். மேலே கணக்கப்பிள்ளை, கண்டக்டர், சின்னத்துரை, பெரியதுரை. இக்கண்கள் அனைத்தும் கீழ்நோக்கிப் பார்த்து மேல்நோக்கிச் சொல்லின. சோழர் காலக் கண்காணி பொருளாள்வோரைப் பார்த்தான். தோட்டத்துக் கங்காணி உழைப்போரைப் பார்த்தான். சொல் ஒன்றாயினும் பார்வையின் திசை மாறியது.

ஏட்டிலும் இக்கண் இயங்கியது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதாயின் கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்த பின்னரே தொழிலாளர் விடுவிக்கப்படுவர். துண்டுமுறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட தகரவில்லை முறையில், இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளி, தோட்டத்தையும் தன்னையும் குறிக்கும் இலக்கங்கள் பொறித்த உலோக வில்லையைத் தாங்கிப் பயணம் செய்தான். வழிநெடுக அவ்விலக்கமே அவனை அடையாளப்படுத்தியது.

லயத்தில் காவல் இருக்கவில்லையா எனின், இருந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கும் களஞ்சியத்துக்கும் இராக்காவற்காரர் இருந்தனர். ஆயின் அக்காவல் தோட்டத்தின் பொருளுக்கு. தொழிலாளியின் பானையும் பெட்டியும் மூக்குத்தியும் அயலாரின் நல்லெண்ணத்தையே நம்பியிருந்தன. வேலைக்குச் செல்லும் தாய், குழந்தையையும் காம்பராவையும் பார்த்துக்கொள்ளுமாறு அடுத்த காம்பராக் கிழவியிடம் சொல்லிச் செல்வாள். எவ்விதச் சம்பளமுமில்லாத இக்காவலே லயத்தின் உண்மையான பாதுகாப்பு ஏற்பாடு. கூட்டு வாழ்வு அந்தரங்கத்தைப் பறித்த போதிலும், ஒருவரையொருவர் காக்கும் பொறுப்பையும் வளர்த்தது என்பதை நாம் மறத்தலாகாது.

4. பிறர் கையிலுள்ள வழி

இன்றைய இணைய இணைப்பிற்கு நெருங்கிய முன்மாதிரி லயத்துக் கடிதமாகும். தோட்டக் குடியிருப்புகளில் தனித்தனி வீட்டு முகவரி என்பது நெடுங்காலமாக இருந்ததில்லை. பெயரும், பிரிவும், தோட்டத்தின் பெயருமே முகவரி. தப்பால்காரர் அஞ்சலகத்திலிருந்து பையைச் சுமந்து தோட்ட அலுவலகத்துக்குக் கொண்டுவருவார்; அங்கிருந்தே கடிதங்கள் பிரிந்து செல்லும். ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தியாயினும், நீதிமன்றக் கட்டளையாயினும், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பாயினும், அது உரியவரை அடையுமுன் பிறர் மேசையைக் கடந்தது. காலங்கடந்து கைக்கு வந்த கடிதம் மலையக மக்களின் நீங்காத முறைப்பாடுகளுள் ஒன்று.

இங்கு நாம் உற்று நோக்கற்பாலது யாதெனின், கடிதத்தை எவரும் பிரித்துப் படித்தல் வேண்டுமென்பதில்லை. யாருக்கு, எங்கிருந்து, எத்தனை முறை கடிதம் வருகின்றது என்பதே ஒருவனைப்பற்றிப் பல செய்திகளைச் சொல்லிவிடும். தொழிற்சங்கத் தலைமையகத்தின் முத்திரை பதித்த உறை ஒருவன் பெயருக்கு அடிக்கடி வருமாயின், உள்ளே என்ன எழுதப்பட்டுள்ளது என்று அறிய வேண்டிய தேவை நிருவாகத்துக்கு இராது. வழியைக் கையில் வைத்திருப்பவன், பொருளைக் காணாமலே ஆளைக் காணலாம்.

5. திருப்பிப் பார்த்த கண்கள்

தோட்டம் உள்ளே அனைத்தையும் பார்த்தது. ஆனால் வெளியார் அதனைப் பார்ப்பதைத் தடுத்தது. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதனால், துரையின் இசைவின்றி உள்ளே செல்வோர் அத்துமீறியோராகக் கருதப்பட்டனர். இதனாலேயே கோ. நடேசையர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுள் நுழைந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்ற செய்தி மலையக வரலாற்றில் பெருமையுடன் பேசப்படுகின்றது. மாத்தளைக்கு அண்மையிலுள்ள மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் தோட்டத்தொழில் பயில வந்த அவுஸ்திரேலிய இளைஞர் மார்க் பிறேஸ்கேர்டில், தாம் கண்டதை மேடையில் எடுத்துரைத்தபோது, தேசாதிபதி ஸ்ரப்ஸ் 1937 ஏப்பிரலில் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதெனத் தீர்த்தது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுட் செல்லும் உரிமைக்கு 1970 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கமராவின் காலத்தில் இப்போராட்டம் புதிய வடிவம் பெற்றது. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மாத்தளை எல்கடுவைப் பகுதியின் இறத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிசை, தோட்ட நிருவாகத்தைச் சேர்ந்த ஒருவரால் இடித்து அகற்றப்பட்ட காட்சி ஒளிப்பதிவாகி நாடெங்கும் பரவியது. முன்னைய காலமாயின் அச்செய்தி தோட்ட எல்லையைத் தாண்டியிருக்குமோ என்பது ஐயமே. கையடக்கக் கருவியொன்று, நூற்றாண்டுக் காலமாகக் கீழ்நோக்கியே இருந்த பார்வையை ஒரு கணம் மேல்நோக்கித் திருப்பியது. எனவே கமராவை ஒடுக்குமுறைக் கருவி என ஒரேயடியாக ஒதுக்குதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

6. கருவியின் வரலாறு

இக்கருவியும் இருவேறு பிறப்புக்களை உடையது. 1942 இல் செர்மனியின் பேனமுண்டே என்னுமிடத்தில் ஏவுகணைச் சோதனைகளைத் தொலைவிலிருந்து காண்பதற்கு மூடுசுற்றுத் தொலைக்காட்சி பயன்பட்டது. அது போரின் கண். 1966 இல் நியூயோர்க் நகரில் மரி வான் பிறிற்றன் பிறவுண் என்னும் கறுப்பினத் தாதி தம் கணவருடன் சேர்ந்து வீட்டுப் பாதுகாப்புக் கமரா முறைமையொன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1969 இல் அது வழங்கப்பட்டது. இரவு வேளைகளில் தனித்திருந்த பெண்ணொருத்தி, கதவைத் திறவாமலே வாசலில் நிற்பவரைக் காண விரும்பியதன் விளைவு அது. அது வீட்டின் கண்.

வலையமைப்பினூடாக இயங்கும் கமராவின் தொடக்கமோ நகைச்சுவை கலந்தது. 1991 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில், பலர்க்கும் பொதுவான காப்பிக் குவளையில் காப்பி எஞ்சியுள்ளதா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிவதற்காக ஒரு கமராவை அமைத்தனர். 1993 இல் அக்காட்சி உலகளாவிய வலைக்கு வந்தது. 2001 இல் நிறுத்தப்பட்டது. காப்பிக்காகவே திறக்கப்பட்ட மாத்தளை மலைகளின் வரலாற்றைப் படிப்போர்க்கு, பொதுவான பொருளொன்றின்மீது பொதுவான வலையில் வைத்த இம்முதற் கண்ணும் காப்பியையே நோக்கியது என்பது சிந்தனைக்குரியது. அங்கே பார்த்தோரும் பயன்பெற்றோரும் ஒருவரே என்பதனால் எவரும் குறைகூறவில்லை.

இன்று சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் கமராக்கள் இம்மூன்று மரபுகளின் வாரிசுகள். அவற்றின் பலவீனமும் உலகறிந்தது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விடப்பட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிய 'மிராய்' என்னும் தீநிரல், 2016 ஒக்ரோபரில் அமெரிக்காவின் பெரும் இணையத்தளங்கள் பலவற்றைப் பல மணிநேரம் முடக்கியது. வீட்டைக் காக்க வைத்த கண்களே பிறர் கைக்கருவியாயின.

7. ஒரே இணைப்பு, பல குடியிருப்போர்

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். லயத்தை விட்டு நீங்கிய குடும்பங்களின் பிள்ளைகளும், கற்கவும் பணிபுரியவும் வந்தோரும் நகரங்களில் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். காம்பராவின் சுவர் இப்போது சற்றுத் தடித்துள்ளது. பீலிக்குப் பதிலாக ரவுட்டர் பொதுவாகியுள்ளது.

ஒரு ரவுட்டரில் இணைந்த கருவிகளனைத்தும், தனியே பிரிக்கப்படாதவரை, ஒரே உள்வலையில் உள்ளன. கமராவும், அயலறை மாணவனின் கணினியும், வீட்டுக்காரரின் தொலைக்காட்சியும் ஒரே லயத்துக் காம்பராக்கள் போன்றவை. ஒன்று மற்றொன்றின் கதவைத் தட்டலாம். கதவு பூட்டியுள்ளதா என்பது கமராவின் கடவுச்சொல்லைப் பொறுத்தது. ரவுட்டரின் நிருவாகக் கடவுச்சொல்லை வைத்திருப்பவர், எந்தெந்தக் கருவிகள் எப்போது இணைந்தன என்ற பட்டியலைக் காணலாம். ஒவ்வொரு கருவிக்குமுரிய தனி இலக்கம் அதில் தோன்றும். தகரவில்லை உருமாறி வந்துள்ளது எனலாம். கமரா தன் காட்சியை மறைகுறியாக்கி அனுப்புமாயின் காட்சியை அவரால் காண இயலாது. ஆயினும் எங்கு, எவ்வளவு தரவு, எந்நேரத்திற் செல்கின்றது என்பதை அறிய இயலும். அசைவு கண்டபோது மட்டும் பதிவுசெய்யும் கமராவாயின், அந்நேரங்களே அறைக்கு ஆள் வந்துபோகும் நேரங்களைச் சொல்லிவிடும். உறையைப் பிரியாமல் முத்திரையைப் பார்த்த பழைய கதையே இது.

பொதுவான பொருளின் பங்கீடும் இங்கு எழுகின்றது. நொடிக்கு 2 மெகாபிட் அளவில் இடையறாது காட்சியை அனுப்பும் கமரா, மணிக்கு ஏறத்தாழ 900 மெகாபைட்டும், நாளுக்கு 21 கிகாபைட்டுக்கு மேலும், 30 நாள் கொண்ட மாதத்தில் ஏறத்தாழ 650 கிகாபைட்டும் செலவிடும். இணைப்புகள் பலவற்றில் வெளிச்செல்லும் பாதை உள்வரும் பாதையினும் குறுகியது. எனவே ஒருவரது கமரா, அடுத்த அறையில் தொலைநிலைத் தேர்வெழுதும் மாணவியின் இணைப்பைத் தடுமாறச் செய்யலாம். பீலியில் ஒருவர் குடத்தை வைத்துவிட்டு நாள் முழுதும் எடுக்காதிருப்பதை ஒத்தது இது.

இதற்குத் தீர்வுகள் உள. கமராவின் உள்ளேயே நினைவட்டையிற் பதிவுசெய்து, அசைவு கண்டபோது மட்டும் செய்தி அனுப்புமாறு அமைத்தால் பொது வழியின் சுமை பெரிதும் குறையும். வீட்டுக்காரர் உடன்படின் விருந்தினர் வலையாகப் பிரித்து, கருவிகள் ஒன்றையொன்று காணாதவாறு தடுக்கலாம். இயலாவிடின் குடியிருப்பவர் தமக்கெனச் சிறு ரவுட்டரொன்றை வீட்டு ரவுட்டருக்குப் பின்னே இணைத்து, கமராவை அதனுள் வைத்துக்கொள்ளலாம். இது காம்பராவுக்குள் ஒரு தட்டியை வைப்பது போன்றது. அயலாரின் கண்ணை மறைக்கும், வழியின் சொந்தக்காரரை முற்றாக மறைக்காது. அவர் இணைப்பைத் துண்டித்தால் செய்தி அனுப்புதல் நின்றுவிடும். நினைவட்டையிலுள்ள பதிவு மட்டும் எஞ்சும். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதலும், கமராவின் மென்பொருளைப் புதுப்பித்தலும் எந்நிலையிலும் தவிர்க்கலாகாதன.

8. அயலாரின் உரிமை

இதுவரை கமரா வைத்தவரின் உரிமையையே பேசினோம். எதிர்ப்புறத்தையும் நோக்குதல் நேர்மையாகும். வாடகை அறைவாசி வீட்டுக்காரரின் கண்ணுக்கு அஞ்சுகின்றார். ஆனால் அவரது கமரா பொது நடையை நோக்குமாயின், அடுத்த அறைப் பெண் எப்போது வருகின்றாள், யாருடன் வருகின்றாள் என்பதை அதுவே பதிவுசெய்கின்றது. கண்காணிக்கப்பட்டவன் வாய்ப்புக் கிடைத்ததும் கண்காணியாக மாறுவது வரலாற்றிற் புதிதன்று. கங்காணிகளும் தொழிலாளரிடையே இருந்து எழுந்தவர்களே.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் ஒருவர் முற்றிலும் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுள்ளது. ஆயின் பொது நடை 'முற்றிலும் வீட்டுத் தேவை' ஆகுமா? ஐரோப்பாவில் இவ்வினா தீர்ப்புக்கு வந்தது. செக் நாட்டு வீட்டுக்காரர் ஒருவர், தம் வீடு தாக்கப்பட்டமையால், வாசலையும் வீதியையும் எதிர்வீட்டு வாசலையும் நோக்கும் கமராவைப் பொருத்தினார். பொதுவெளியையும் பதிவுசெய்யும் கமரா முற்றிலும் வீட்டுத் தேவைக்குரியதன்று என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்த்தது. அதேவேளை, தன் குடும்பத்தையும் உடைமையையும் காக்கும் நியாயமான நலனும் கருத்திற் கொள்ளப்படும் என அது கூறியது. அத்தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் தருக்கம் நம் நடைமுறைக்கு வழிகாட்டக் கூடியது: கண் தன் வாசலோடு நிற்கும்வரை காவல், பிறர் வாசலைத் தொடும்போது கண்காணிப்பு.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. மாத்தளை மண்ணின் வரலாற்றில் மக்கள் எதிர்த்தது காவலை அன்று. தமக்குப் பொறுப்புச் சொல்லாத காவலை. 1848 இன் குடியானவன் தன் வீட்டைத் தானே காக்கும் வழியை இழக்க விரும்பவில்லை. லயத்துத் தொழிலாளி எல்லாரும் தன்னைக் காணும் நிலையில், தன்னைக் காண்போரைத் தான் காண முடியாதிருந்தான். அவனுடைய கடிதம் பிறர் கைவழியே வந்தது. ஒருபக்கப் பார்வையும் பிறர்வசமான வழியும் சேர்ந்த இடத்தில் அடிமைத்தனம் வேர்கொண்டது.

இன்றைய வாடகை அறையில் இவ்விரண்டும் சிறிய அளவில் மீண்டும் கூடுகின்றன. அங்கே கமரா பொருத்துமுன் வீட்டுக்காரரின் இசைவை எழுத்திற் பெறுதலும், அயலறையார்க்கு முன்கூட்டி அறிவித்தலும், கண்ணைத் தன் கதவளவில் நிறுத்துதலும், ஒலிப்பதிவைத் தவிர்த்தலும், தேவையற்ற பதிவுகளைக் குறித்த நாட்களில் அழித்தலும் கைக்கொள்ளத்தக்கன. வீட்டுக்காரரும் தம் ரவுட்டரில் தாம் எவற்றைக் காண இயலும் என்பதை மறையாது கூறுதல் வேண்டும். குளியலறை, படுக்கையறைப் பக்கங்களில் எவரது கண்ணும் இருத்தலாகாது. பல்கலைக்கழக விடுதிகளுக்கு வெளியே வாழும் மாணவர்க்கு, குறிப்பாக மாணவியர்க்கு, இவை ஏட்டளவிலான வினாக்களல்ல. இரவிற் கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று அறியும் உரிமையும், தான் எப்போது அறைக்குத் திரும்பினாள் என்பதைப் பிறர் அறியாதிருக்கும் உரிமையும் ஒருத்திக்கே உரிய இரண்டு உரிமைகள். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்குமாறு அவளைக் கேட்கலாகாது.

மலையகத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற கோரிக்கை எழுந்தபோது, அதனைச் செங்கல்லும் கூரையும் பற்றிய கோரிக்கையாக மட்டும் கண்டோர் பலர். தன் கதவு, தன் முகவரி, தன் பெயருக்கு நேரே வரும் கடிதம் என்பனவே அதன் உட்பொருள். இணைய யுகத்தில் அப்பட்டியலில் தன் இணைப்பு என்பதும் சேர்தல் வேண்டும். அதுவரை பிறர் வழியைப் பகிர்ந்து வாழ்வோர், அடுத்த காம்பராக் கிழவியிடம் சொல்லிச் சென்ற அந்தத் தாயின் முறையை நினைவிற் கொள்வாராக. அவள் கேட்டுக்கொண்டு ஒப்படைத்தாள். கிழவி அறிந்து ஏற்றாள். திரும்பி வந்தபின் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லினர். கருவி எதுவாயினும் காவலுக்குரிய இலக்கணம் அதுவேயாம்.